ரெண்டு தெரு பிள்ளைங்களையும் ஒண்ணா சேக்கணும், கிரிக்கெட் மேட்ச் வைக்கலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

தாமிரபரணிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா இருக்கும், பொறுமையா படிச்சுட்டு பதில் போடுங்க.

நான் திருநெல்வேலி மாவட்டம். ஊர் பேரு வேண்டாம், சின்ன ஊரு, பேரு சொன்னா ஆளு யாருன்னு தெரிஞ்சிரும். 2021 கடைசில இல்லம் தேடிக் கல்வி வந்தப்போ தன்னார்வலரா சேந்தேன். மாசம் 1000 ரூவா, சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம், 20 பிள்ளைங்க. காசுக்காக சேரல (சரி, கொஞ்சம் காசுக்காகவும்தான்), கொரோனால பள்ளிக்கூடமே இல்லாம கெடந்து மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு தன் பேரு எழுதத் தெரியல அப்போ, அதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல. எங்க வீட்டுத் திண்ணையிலதான் ஆரம்பிச்சேன். எங்க ஊருல ரெண்டு தெரு, மேலத்தெரு கீழத்தெருன்னு வச்சுக்கிடுங்க, நடுவுல ஒரு ஓடை, எதுக்கு ரெண்டு தெருன்னு நான் விளக்க வேண்டாம்னு நெனைக்கேன். நான் மேலத்தெரு.

மொத ரெண்டு வாரம் கீழத்தெருவுல இருந்து ஒரு பிள்ளை கூட வரல. வீடு வீடா போய் கூப்பிட்டேன், "அனுப்புதோம்மா அனுப்புதோம்மா"ன்னு சொல்லுதாவ, வராது. கடைசில ஒரு ஆச்சிதான் சொன்னா, "உங்க தெருவுக்குள்ள வந்துட்டு இருட்டுன பெறவு எங்க பிள்ளை தனியா திரும்பி வரணும்லா தாயி"ன்னு. அப்பதான் எனக்கு மண்டையில உறைச்சுது. மறுநாளே ஆரம்பப் பள்ளி வராண்டாவுக்கு மாத்திட்டேன், ஹெச்எம் சாவி குடுத்தாவ, அஞ்சே நாள்ல 23 பிள்ளை.

சின்னதுங்களால பிரச்சினையே இல்ல. அழிரப்பருக்கு அடிச்சுக்கிடும், அஞ்சு நிமிசத்துல மறந்துரும். எட்டாவது முடிச்சு டவுன் ஸ்கூலுக்கு பஸ்ல போக ஆரம்பிச்ச பெறவுதான் எல்லாம். என்கிட்ட ஒரே பாயில உக்காந்து படிச்ச பயலுவளே கையில கயிறு கட்டிக்கிட்டு, தெருவுக்கு ஒரு கலரு, பஸ்ல முன்னாடி பாதி ஒரு தெரு பின்னாடி பாதி இன்னொரு தெரு. போன மாசம் ஜன்னல் சீட்டுல ஆரம்பிச்ச தகராறு, டிபன் பாக்ஸால அடிச்சு ஒரு பையனுக்கு நெத்தியில நாலு தையல். அடிச்சவனும் அடிபட்டவனும் ரெண்டு பேருமே என்கிட்ட படிச்சவனுவதான். இதுல அடிச்சவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க சொல்லிக் குடுத்ததே அடிபட்டவன்தான், அதை நெனச்சாதான் ராத்திரி தூக்கம் வரல.

பொங்கலுக்கு மேலத்தெரு கீழத்தெரு மேட்ச் ஒண்ணு வச்சு, ரெண்டு தெரு பெரியவங்களையும் மேடையில உக்கார வச்சு கப்பு குடுக்க வைக்கலாம்னு யோசனை. கூடவே ஞாயித்துக்கிழமை வராண்டாவுல புஸ்தகம் வாசிக்கிற மாதிரி ஏதாவது. பஞ்சாயத்துல கேட்டா "ஒற்றுமை பத்தி நல்ல பேச்சாளரை கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுவோம்"ங்காவ. பேச்சு வேண்டவே வேண்டாம், பிள்ளைங்க கொட்டாவி விடும், பேசுறவருக்கு சால்வை போடுறதுலயே பாதி நேரம் போயிரும். எங்க வீட்டுக்காரர் "உனக்கு எதுக்கு வேண்டாத வேலை"ங்காரு.

யாராவது இந்த மாதிரி செஞ்சு பாத்திருக்கீங்களா? எது ஒர்க் அவுட் ஆச்சு எது சொதப்புச்சு, ரெண்டையும் சொல்லுங்க.


பம்புசெட்டு_பாண்டி:

அக்கா தப்பா நெனைக்காதீங்க, தெருவுக்கும் தெருவுக்கும் மேட்ச் வச்சீங்கன்னா தையல் நாலோட நிக்காது. எங்க ஊர்ல எட்டு வருசத்துக்கு முன்னாடி இதே மாதிரி நல்லிணக்கக் கோப்பைன்னு ஒண்ணு வச்சாங்க. 7வது ஓவர்ல ஒரு ரன் அவுட், அவ்வளவுதான், மூணு ஸ்டம்பும் மூணு பேர் கையில. கப்பு இன்னும் கமிட்டிக்காரர் வீட்டு பரண்ல கெடக்கு, யாருக்கும் குடுக்கல.


சாக்பீஸ்:

மேல தம்பி சிரிப்பா சொன்னாலும் விஷயம் சரிதான். நான் அரசு மேல்நிலைப்பள்ளி ஆசிரியர், 19 வருஷ சர்வீஸ், அதுல 11 வருஷம் உங்க பக்கத்து மாவட்டங்கள்லதான்.

உங்க கேள்விக்கு நேராவே ஒரு ஆய்வு இருக்கு சகோதரி. உத்தரப் பிரதேச கிராமங்கள்ல மேட் லோன்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் வெவ்வேற சாதி ஆம்பளப் பசங்க 1,261 பேரை எடுத்துக்கிட்டு, ஒரு பகுதி பேரை கிரிக்கெட் லீக் ஆட வச்சாரு, மீதிப் பேரை சும்மா விட்டு ஒப்பிட்டுப் பாத்தாரு. சில டீம் ஒரே சாதி, சில டீம் கலந்த டீம். யார் எந்த டீம்ங்கிறது குலுக்கல் மாதிரிதான். ஒரே டீம்ல கலந்து ஆடுனவங்களுக்கு அடுத்த சாதியில ஃப்ரெண்ட்ஸ் கூடுச்சு. ஆனா எதிர் டீம்ல இன்னொரு சாதிக்காரங்களோட மோதுனவங்களுக்கு பழக்கம் குறைஞ்சுதான் போச்சு. ரெண்டுமே "சேந்து விளையாடுனது"தான், ஆனா விளைவு நேர் எதிர். அதனால நீங்க நெனச்சிருக்கிற மேலத்தெரு எதிர் கீழத்தெரு மேட்ச் இருக்கே, அது மருந்துன்னு நெனச்சு விஷத்த குடுக்கிற மாதிரி, தயவு செஞ்சு வேண்டாம்.

கலந்த டீம் போடுங்க. போடும்போது சில விஷயம் பாத்துக்கோங்க, இதெல்லாம் நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது. டீம் பிரிக்கிறத பசங்ககிட்ட விடாதீங்க, விட்டா அஞ்சு நிமிஷத்துல தெருவாரியா பிரிஞ்சு நிப்பானுங்க, சீட்டு குலுக்கிப் போடுங்க. ஜெர்சி கலர்ல ரொம்ப கவனம், நமக்கு சாதாரண மஞ்சளா தெரியறது அவனுங்களுக்கு ஒரு கொடி, ஒருவாட்டி நான் விவரம் தெரியாம ஸ்போர்ட்ஸ் டேக்கு ஹவுஸ் கலர் பிரிச்சு ஹெச்எம் ரூம்ல நின்னு பதில் சொல்லியிருக்கேன். கேப்டன் மேட்சுக்கு மேட்ச் மாறணும். பேட்டும் ஸ்டம்பும் ராத்திரி யார் வீட்ல இருக்குங்கிறது கூட முக்கியம், அதையும் மாத்திக்கிட்டே இருங்க. ஒரே ஒரு நாள் மேட்சுன்னா பிரயோஜனம் இல்ல, மாசக்கணக்குல வாராவாரம் நடக்கணும்.

வாசிப்புக்கு வர்றேன். 1971ல அமெரிக்கால டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் ஊர்ல கறுப்பின, வெள்ளைக்கார, மெக்சிகன் பிள்ளைகளை ஒரே பள்ளிக்கூடத்துல சேத்தப்போ தினமும் அடிதடி. எலியட் ஆரன்சன்னு ஒரு உளவியல் பேராசிரியரை கூப்பிட்டாங்க. அவரு அறிவுரை ஒண்ணும் சொல்லல, பாடம் நடத்துற முறைய மாத்துனாரு. அஞ்சாறு பேர் கலந்த குழு, பாடத்தை அத்தனை துண்டா பிரிச்சு ஆளுக்கு ஒரு துண்டு மட்டும். உன் துண்டை நீ மத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்கணும், அவங்க துண்டை நீ கேட்டுக்கணும், பரிட்சை முழு பாடத்துக்கும். பக்கத்துல இருக்கிறவனை நக்கல் பண்ணி வாயடைக்க வச்சா நஷ்டம் உனக்குத்தான். நான் இதை ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல்ல நாலு வருஷமா செய்றேன். மொத மாசம் சந்தைக்கடை மாதிரி இருக்கும், பக்கத்து கிளாஸ் டீச்சர் வந்து சண்டை போடுவாங்க, அதுக்கப்புறம் செட் ஆகிடும். உங்க வராண்டாவுல ஒரு கதையையே அஞ்சு துண்டா கிழிச்சுக் குடுத்துப் பாருங்க, அஞ்சு பேரும் பேசாம கதை முடிவு யாருக்கும் தெரியாது.

கயிறு விஷயம் மட்டும் ஒரு வார்த்தை. 2019லயே கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது, நடைமுறைக்கு வரல. அப்புறம் 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரி சம்பவம், அதுக்குப் பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டு 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு. கயிறு, மோதிரம், நெத்தி அடையாளம் தடை, பள்ளிக்கூடப் பேர்ல சாதி நீக்கம், பிள்ளைகளை அகரவரிசைப்படி உக்கார வைக்கிறது, 500 பிள்ளைக்கு மேல இருக்கிற பள்ளிக்கு நல அலுவலர், இப்படி நிறைய பரிந்துரை. கயித்த அறுக்கறது ஈஸி, நானே அறுத்திருக்கேன், கேட்டைத் தாண்டுனதும் பாக்கெட்ல இருந்து இன்னொண்ணு வரும்.


பழைய_அறிவொளி:

தாயி, நான் புதுக்கோட்டை. வயசு 64 ஆகுது. தமிழ்ல டைப் அடிக்க பேரன்தான் சொல்லிக் குடுத்தான், தப்பு இருந்தா மன்னிக்கணும்.

1991ல எங்க மாவட்டத்துல அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சப்ப நான் தொண்டன். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. ஊர் ஊரா கலைக்குழு, பாட்டு, வீதி நாடகம், ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல படிப்பு. நாங்க செஞ்ச ஒரு தப்ப சொல்றேன், நீங்க ஏற்கனவே அதை தாண்டிட்டீங்க, அந்த ஆச்சி சொன்ன சொல்லுக்கு காது குடுத்ததால. நாங்க என்ன பண்ணுனோம்னா, தெருவுக்கு ஒரு மையம்னு வச்சோம். ஆளுக வர்றதுக்கு அதான் சுளுவு. எங்க ஊர்ல மூணு தெரு, மூணு மையம், எல்லாரும் கையெழுத்துப் போட கத்துக்கிட்டாக, நல்லதுதான், ஆனா மூணு தெருவும் மூணு தெருவாவே இருந்துச்சு.

அது கலைஞ்சது சைக்கிள்ல. அப்ப பொம்பளைக சைக்கிள் ஓட்டுறதுன்னா ஊரே சிரிக்கும். இயக்கத்துல சைக்கிளும் ஒரு பாடம்னு வச்சாக. லேடீஸ் சைக்கிள் எங்க கிடைக்கும், ஆம்பள சைக்கிள்தான், சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு பாருக்கு மேல காலைத் தூக்கிப் போட்டு ஏறணும். கல்லு உடைக்கிற பொம்பளைக, பால்வாடி ஆயா, நர்ஸம்மா எல்லாம் கத்துக்கிட்டாக. எங்க ஊர்ல இருந்தது ரெண்டே சைக்கிள், அதனால மூணு மையத்துக்கும் பொதுவா கம்மாக்கரை பொட்டல்லதான் பழக வேண்டியதாப் போச்சு. யாரும் திட்டம் போட்டு செய்யல, சைக்கிள் இல்லாத குறையில நடந்துச்சு.

சைக்கிள் பழகுனவுகளுக்கு தெரியும், பின்னாடி ஒருத்தர் சீட்டை புடிச்சுக்கிட்டு ஓடி வரணும். விழப்போனா கையைப் புடிக்கணும் இடுப்பைப் புடிக்கணும். அங்க யாரு தெருன்னு பாக்க முடியாது, பாத்தா மூக்கு உடையும். ஒரு தெருக்காரம்மா இன்னொரு தெருவுக்கு தண்ணி எடுக்கக்கூட வராதவுக, அவுகளை கீழ விழாம புடிச்சது நாத்து நட வர்ற பொண்ணு. நான் பக்கத்துல நின்னேன். ரெண்டு பேருக்கும் ஒரு நிமிசம் என்ன பேசுறதுன்னு தெரியல, அப்புறம் அந்தம்மா "விட்றாதடி விட்றாதடி"ன்னு கத்துனாக பாருங்க, பொட்டலே சிரிச்சுச்சு.

அதுக்காக ஊரு மாறிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். அந்த வருசம் தேர் எப்பவும் போலத்தான் ஓடுச்சு, எந்தத் தெருவுக்குள்ள போகாதோ அந்தத் தெருவுக்குள்ள போகல. ஆனா அந்த ரெண்டு பொம்பளைகளும் சாகுற வரைக்கும் பேசிக்கிட்டாக.

ஆம்பளப் பயலுகளை மட்டும் வச்சு கிரிக்கெட்டுன்னு யோசிக்கிறீகளே, பொம்பளப் பிள்ளைகளை எங்க விட்டீக? அதையும் பாருங்க.


ஓடைக்கு_அந்தப்பக்கம்:

நான் கீழத்தெரு. உங்க ஊர் கீழத்தெரு இல்ல, ஆனா எல்லா ஊர் கீழத்தெருவும் ஒண்ணுதான். இப்ப கோயம்புத்தூர்ல வேலை. எல்லாரும் நல்லபடியா எழுதியிருக்கீங்க, நான் கொஞ்சம் கசப்பா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

அடிச்சவன், அடிபட்டவன்னு எழுதியிருக்கீங்க. அடிபட்டவன் எந்தத் தெருன்னு நீங்க எழுதவே இல்ல, நாங்க யாரும் கேக்கவும் இல்ல, ஏன்னா படிச்ச எல்லாருக்கும் தெரியும். அந்தப் பையன்கிட்ட போய் யாராவது "உன்ன அடிச்சது தப்பு"ன்னு சொன்னாங்களா? அடிச்சவன் வீட்ல இருந்து ஒருத்தராவது ஓடையைத் தாண்டி வந்து பாத்தாங்களா? அது நடக்காம நேரா "வாங்க சேந்து விளையாடலாம்"னா, அடிபட்ட பையன் காதுல அது எப்படி விழும்னு யோசிங்க. "உனக்கு நடந்தத மறந்துட்டு சிரிச்ச முகமா வந்து பந்து பொறுக்கு"ன்னு விழும். எனக்கு அப்படித்தான் விழுந்தது, பதினோராம் வகுப்புல. எங்க ஸ்கூல்ல சமாதானக் கூட்டம் போட்டாங்க, ரெண்டு பேரையும் கை குலுக்க வச்சாங்க, கை குலுக்கும்போது அவன் என் விரலை நசுக்குனான், எல்லாரும் கை தட்டுனாங்க.

நாங்குநேரில என்ன நடந்துச்சு? அந்தப் பையன் பள்ளிக்கூடத்துல தன்னை கொடுமைப்படுத்துனதை சொன்னான், அதுக்காக வீடு புகுந்து வெட்டுனாங்க, தடுக்க வந்த தங்கச்சியையும். புகார் சொன்னதுக்குத்தான் வெட்டு. அப்போ முதல்ல வேண்டியது மேட்ச் இல்ல, ஒரு பையன் பயமில்லாம வாயத் திறக்க ஒரு இடம். உங்க வராண்டா அந்த இடமா இருக்க முடியுமா அக்கா? உங்க தெருப் பையனைப் பத்தி உங்ககிட்டயே அவன் வந்து சொல்ல முடியுமா? சொன்னா அது உங்க தெருவுக்குப் போகாம இருக்குமா?

ஆசிரியர் சொன்ன ஆராய்ச்சிக்கெல்லாம் மூலம் 1954ல கார்டன் ஆல்போர்ட் சொன்னது. ரெண்டு கூட்டம் பழகுனா வெறுப்பு குறையும், ஆனா நாலு விஷயம் வேணும்னாரு: ரெண்டு பேருக்கும் சமமான இடம், ஒரே குறிக்கோள், கூட்டா வேலை, மேல அதிகாரத்துல இருக்கறவங்க வெளிப்படையா துணை நிக்கறது. நடுவுல இருக்கிற ரெண்டும் ஈஸி, எல்லாரும் அத மட்டும் புடிச்சுக்கிட்டு முதலையும் கடைசியையும் விட்டுடறாங்க. மைதானம் யார் நிலத்துல இருக்கு? பந்து மேலத்தெரு தோட்டத்துல விழுந்தா எங்க பையன் போய் எடுக்கலாமா? இதுக்கு பதில் இல்லாம டீம் கலந்து என்ன செய்ய?

கலந்த டீம் கதையிலயும் இன்னொரு பக்கம் இருக்கு. ஈராக்ல ஐஎஸ் ஆளுங்க துரத்தி விட்ட கிறிஸ்தவங்களையும் முஸ்லிம்களையும் ஒரே ஃபுட்பால் டீம்ல போட்டு சல்மா மூசான்னு ஒருத்தர் செஞ்ச ஆய்வு 2020ல வந்தது. கூட ஆடுன பசங்களோட நல்லா பழகுனாங்க, ஆனா மைதானத்துக்கு வெளிய முன்னப்பின்ன தெரியாத முஸ்லிம்கள்கிட்ட அந்த மாற்றம் பெருசா இல்ல. "நீ மட்டும் நல்லவன்டா, உங்க ஆளுங்கதான்..."ன்னு நம்ம ஊர்ல சொல்லுவானுங்களே, அதேதான். சமத்துவபுரம் கட்டுனாங்க, 100 வீட்ல 40 எங்களுக்கு, 25 பிசி, 25 எம்பிசி, 10 மத்தவங்க. நல்ல யோசனை, நான் குறை சொல்லல, எங்க சித்தி குடும்பம் அங்கதான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்களோட கறிக்குழம்பு வரைக்கும் வந்தாச்சு, கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வரல.

செய்ய வேண்டாம்னு சொல்லல. அந்தப் பையன் வீட்டுக்கு முதல்ல போங்க. தனியா போகாதீங்க, அடிச்ச பையனோட அம்மாவையோ அப்பாவையோ கூட்டிட்டுப் போங்க. வரமாட்டாங்கன்னா மேட்ச் இந்தப் பொங்கலுக்கு வேண்டாம், அடுத்த பொங்கலுக்குப் பாக்கலாம்.


தாமிரபரணிக்காரி:

தம்பி, நீங்க எழுதுனத மூணு தடவை படிச்சேன். மொத தடவை கோவம் வந்துச்சு, ஒளிக்காம சொல்லுதேன். அந்தப் பையன் வீட்டுக்கு நான் போனேன்தான், ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிட்டுப் போனேன், அவன் அம்மா நாற்காலி எடுத்துப் போட்டாவ, அழுதாவ. ஆனா "தப்பு எங்க பக்கம்"னு நான் சொல்லல. "சின்னப் பயலுவ சண்டை"ன்னுதான் சொல்லிட்டு வந்தேன். இப்ப அந்த வார்த்தை தொண்டையில நிக்கி.

அடிச்சவன் அம்மாகிட்ட பேசிப் பாக்கேன். அப்பா வரவே மாட்டாரு, அது எனக்குத் தெரியும்.


வாவிக்கரை:

நான் மட்டக்களப்பு. இந்தியா விஷயத்துல எனக்கென்ன தெரியும் எண்டு இவ்வளவு நேரம் சும்மா வாசிச்சுக் கொண்டுதான் இருந்தனான். ஓடைக்கு அந்தப்பக்கம் எழுதினவர் கேட்ட கேள்விக்கு எங்கட ஊர்ல ஒரு அரைகுறை மறுமொழி கிடக்கு, அதுக்காக எழுதுறன்.

எங்கட பக்கம் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறித்தான் கிடக்கும். 1990 ஆகஸ்ட்ல காத்தான்குடி பள்ளிவாசல்ல தொழுதுகொண்டு இருந்த சனத்த சுட்டது, மறுகா ஏறாவூர், மறுகா தமிழ் ஊருகள்ல நடந்தது, ரெண்டு பக்கமும் செத்த வீடு இல்லாத தெருவே இல்ல. அதுக்குப் பிறகு வளர்ந்த புள்ளையள் நாங்க. பக்கத்து ஊர்ப் புள்ளைய கண்ணால கண்டதில்ல, கதையில கேட்ட பூதம் மாதிரித்தான் தெரியும்.

1996ல மட்டக்களப்புல வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா எண்டு ஒண்டு துவங்கினாங்க. போல் ஹோகன் எண்டு கனடாக்கார ஓவியர் ஒருவரும் இங்கத்த யேசுசபைப் பாதர் ஒருவரும் சேந்து. என்னெண்டால், கலர் கலரா கீறின ஒரு பஸ் வரும், வண்ணத்துப்பூச்சி பஸ். தமிழ் ஊர்ல கொஞ்சம் புள்ளையள், முஸ்லிம் ஊர்ல கொஞ்சம் புள்ளையள், ஏத்திக்கொண்டு போவாங்க, கிழமைக்கு ஒருநாள், ஒன்பது மாசம். நான் பத்து வயசுல போனன்.

அங்க ஒருத்தரும் சமாதானம் எண்ட சொல்லையே எங்களுக்குப் படிப்பிக்கல, பேர்ப்பலகையில இருந்ததோட சரி. களிமண் தந்தாங்க. கீறச் சொன்னாங்க. மரம் நடுறது, முகமூடி செய்யிறது, கதை கட்டுறது. என்னோட களிமண் பிசைஞ்சவள் முஸ்லிம் புள்ள, ரெண்டு மாசம் நாங்க கதைக்கவே இல்ல கா, களிமண்ண மட்டும் தள்ளித் தள்ளிக் குடுப்பம். ஒருநாள் அவள் ஒரு வீடு செஞ்சாள், கூரை இல்லாம. கூரை எங்க எண்டு கேட்டன், அதுதான் நான் அவளோட கதைச்ச முதல் கதை. எரிச்சுப் போட்டாங்க எண்டாள். ஆர் எண்டு நான் கேக்கல. எங்கட வீட்டுக் கூரையும் இல்லாமத்தான் இருந்தது கொஞ்ச காலம், அத சொன்னன்.

எங்களப் பாத்துக்கொண்ட அண்ணாமார் அக்காமார்லயும் ரெண்டு பக்க ஆக்களும் இருந்தாங்க, அது பெரிய விஷயம். தமிழ் அக்காவும் முஸ்லிம் அண்ணாவும் ஒருவர ஒருவர் பகிடி பண்ணிச் சிரிக்கிறத வாழ்க்கையில முதல் தடவையா அங்கதான் கண்டன். அக்கா, நீங்க தனியாத்தானே நடத்துறீங்க? கீழத்தெருவுல இருந்து ஒரு ஆள உங்களுக்குச் சமனா நிப்பாட்டுங்க. உதவிக்கு எண்டு இல்ல, சாவி அவட கையிலயும் இருக்கோணும். புள்ளையள் பாக்கிறது அதைத்தான்.

அவள் இப்ப டீச்சர். 2019 ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு எங்கட சியோன் தேவாலயத்துல அவ்வளவு புள்ளையள் செத்தாப் பிறகு, ஊருக்குள்ள முஸ்லிம் கடையில சாமான் வாங்காதீங்க எண்டு கதை பரவின நேரம், நான் அவளுக்கு போன் எடுக்க மூணு நாள் யோசிச்சனான். ஒன்பது மாசம் களிமண் பிசைஞ்ச நானே மூணு நாள். நாலாம் நாள் எடுத்தன்.


பம்புசெட்டு_பாண்டி:

வாவிக்கரை அக்கா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் போன கீழ வச்சுட்டேன்.


தாமிரபரணிக்காரி:

ஆறு வாரம் கழிச்சு வாரேன், எல்லாரும் மன்னிக்கணும், நடுவுல அரையாண்டுப் பரிட்சை.

நடந்தத அப்படியே சொல்லுதேன். அடிச்ச பையனோட அம்மாவ கூட்டிட்டுப் போனேன். ரெண்டு தடவை வாரேன்னு சொல்லிட்டு வரல, மூணாந்தடவை வந்தாவ, ஓடைப் பாலம் வரைக்கும் வந்துட்டு நின்னுட்டாவ, நானும் பக்கத்துல நின்னேன், ஒண்ணும் பேசல. பெறவு வந்தாவ. அந்த வீட்டுல நிறைய பேசல யாரும். "எம்மவன் செஞ்சது தப்புதான்"ன்னு ஒரு வார்த்தை, தலையக் குனிஞ்சுக்கிட்டு. அந்தப் பையன் உள்ள இருந்து வெளிய வரவே இல்ல. அவன் அம்மா காப்பி போட்டாவ. இவ்வோ குடிச்சாவ. தம்பி, டம்ளரை நான் கவனிச்சேன், எனக்கும் அவ்வளுக்கும் அதே சில்வர் டம்ளர், ஒரு நிமிசம் கையில வச்சிருந்துட்டு குடிச்சாவ. ஊருக்குத் தெரிஞ்சு அவ்வோ வீட்டுல ரெண்டு நாள் சண்டை.

வாவிக்கரை அக்கா சொன்ன மாதிரி கீழத்தெருவுல நர்சிங் படிச்சுட்டு வேலைக்குக் காத்திருக்க ஒரு பொண்ண கேட்டேன், வந்தா. சாவி ஒரு வாரம் என்கிட்ட ஒரு வாரம் அவ்வோகிட்ட. என்னைய விட கணக்கு நல்லா சொல்லிக் குடுக்கா. மேலத்தெருவுல ரெண்டு பேரு அதுக்காகவே பிள்ளைய நிப்பாட்டிட்டாவ. ஒருத்தரு பத்து நாள்ல திரும்ப அனுப்புனாரு, கணக்குல மார்க் கொறைஞ்சிட்டுன்னு. இன்னொருத்தர் அனுப்பல.

கிழிச்ச கதை நல்லா போவுது சார். ஒரே பிரச்சினை, ஒரு வாண்டு தன் துண்டை மறைச்சு வச்சுக்கிட்டு மத்தவங்ககிட்ட முறுக்கு லஞ்சம் வாங்குது.

மேட்ச் பொங்கலுக்கு வைக்கல. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் ஆறு பேர் டீம், சீட்டு குலுக்கி. புறம்போக்கு இடம், வேலிக்காத்தான் வெட்ட பஞ்சாயத்துல ஆள் குடுத்தாவ, பேச்சாளருக்கு வச்சிருந்த காசுன்னு நெனைக்கேன். எல்லாருக்கும் பழைய ஸ்கூல் வெள்ளைச் சட்டைதான் ஜெர்சி. மொத வாரம் 9 பேரு, இப்ப 20 வருது, அதுல பொம்பளப் பிள்ளைங்க 4 பேரு, அறிவொளி அய்யா, உங்களுக்காக சொல்லுதேன், அதுல ஒருத்தி போடுற பந்து எவனுக்கும் தெரிய மாட்டேங்கு. அம்பயர் யாருன்னு பெரிய பஞ்சாயத்து ஆச்சு, எந்தத் தெரு ஆளும் வேண்டாம்னுட்டானுவ, கடைசில அந்த டவுன் பஸ் கண்டக்டர் அண்ணாச்சிய கேட்டோம், ஞாயிறு அவருக்கு வார ஓய்வு. "தினமும் பஸ்ல இதத்தான பாக்கேன், இங்கயாவது விசில் நான் ஊதுனா நிக்கட்டும்"னு வந்துட்டாரு.

அடிபட்ட பையன் இன்னும் ஆட வரல. போன வாரம் பாலத்துக்கிட்ட சைக்கிள நிப்பாட்டி கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போனான். கூப்பிடலாமா வேண்டாமான்னு தெரியல, நான் கூப்பிடல.

கயிறு பாதி பேர் கையில இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல.

இப்ப அவசரத் தேவை டென்னிஸ் பால். வாரம் மூணு ஓடையில போவுது. மொத்தமா வாங்குனா எங்க கொறைச்ச விலைக்கு கிடைக்கும்?


ஓடைக்கு_அந்தப்பக்கம்:

அக்கா, அவன நீங்க கூப்பிட வேண்டாம். அந்த நர்சிங் அக்காவ கூப்பிடச் சொல்லுங்க, அதுவும் ஆட இல்ல, ஸ்கோர் எழுத. நோட்டு கையில இருந்தா தானா நிப்பான்.

பால் நான் அனுப்புறேன். இங்க உக்கடம் பக்கம் டஜன் கணக்குல கிடைக்கும். பஸ்ல போட்டு விடறேன், எந்த பஸ் ஸ்டாண்டுன்னு மட்டும் தனியா மெசேஜ் பண்ணுங்க.


சாக்பீஸ்:

முறுக்கு வாண்டு பேரு மட்டும் சொல்லுங்க சகோதரி, அடுத்த வருஷம் என் ஸ்கூலுக்கு வந்தா முன் பெஞ்சுல போட்டுடறேன்.